ஒரு வம்சத்துக்கு ஒரு தலைநகர் என்று புள்ளி வைக்க முடியுமா? பண்டைய இந்திய வரைபடத்துக்கு உதவி தேவை

நூலக மேசை (கேள்வி)

வணக்கம். பள்ளி வரலாற்று மன்றத்துக்காக ஆறடி அகலம், நாலடி உயரத்தில் ஒரு சுவர்ப்படம் தயாராகிறது. பண்டைய இந்திய அரச மரபுகளும் அவற்றின் தலைநகரங்களும், கி.மு. 6ஆம் நூற்றாண்டிலிருந்து கி.பி. 7ஆம் நூற்றாண்டு வரை. மரபுக்கு ஒரு நிறம், தலைநகருக்கு ஒரு புள்ளி, பக்கத்தில் இன்றைய ஊர்ப்பெயர். திட்டம் அவ்வளவுதான்.

பதினாறு மகாஜனபதங்கள் (கி.மு. 6ஆம் நூற்றாண்டுப் பெருநாடுகள்) வரை பெரிய சிக்கல் இல்லை. அதற்குப் பிறகு புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது. மகதத்துக்கு ராஜகிருகமா, பாடலிபுத்திரமா? சாதவாகனருக்கு ஒருவர் பைதான் என்கிறார், இன்னொருவர் அமராவதி என்கிறார். குஷாணருக்குப் பெஷாவரும் இருக்கிறது, மதுராவும் இருக்கிறது. சேரருக்குக் கரூரா, கொடுங்கல்லூரா? சோழருக்கு உறையூரா, புகாரா? முற்காலப் பல்லவருக்குக் காஞ்சி என்று வைத்தால் ஒரு நூல் பாலக்கடம் என்கிறது. ஹர்ஷருக்குத் தானேசரா, கன்னௌஜா?

போட்டித் தேர்வுக்கான பட்டியல் வேண்டாம், அது கையில் இருக்கிறது. எந்த ஆதாரத்தை வைத்து முடிவெடுப்பது, எங்கே தவறு நடக்கும் என்று சொன்னால் போதும்.

---

கங்கைக்கரை

நீங்கள் கேட்டதில் பாதி, ஊர்ச் சண்டையே இல்லை, காலச் சண்டை. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளை ஒரே படத்தில் அமுக்கினால் எல்லாப் புத்தகமும் சரியாகவும் இருக்கும், ஒன்றோடொன்று மோதவும் செய்யும். முதலில் ஆண்டை நிறுத்துங்கள். கி.மு. 500, கி.மு. 250, கி.பி. 150, கி.பி. 400, கி.பி. 640 என்று ஐந்து வெட்டு போதும்.

இடப்பக்கம் நாலடிக்கு நாலடி முதன்மைப் படம். வலப்பக்கம் மிஞ்சும் இரண்டடி அகலத்தில் ஓரடி உயரமுள்ள நான்கு கட்டங்கள். கி.மு. 500 கட்டத்தில் கங்கைச் சமவெளியை மட்டும் பெரிதாக்கிப் போடுங்கள், அது படுக்கைவாட்டில் அழகாக அடங்கும். அஸ்மகமும் அவந்தியும் காந்தாரமும் வெளியே போய்விடும். ஓரத்தில் அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதினால் போதும்.

மகதத்துக்கு வருகிறேன். கி.மு. 500 கட்டத்தில் ராஜகிருகம், இன்றைய ராஜ்கிர். பிம்பிசாரன் காலத்து ஊர் மலைகளுக்கு நடுவே இருந்தது. மலை முகடுகளில் சாந்து இல்லாமல் பெரிய கற்களை அடுக்கிக் கட்டிய வெளிமதில் ஏறக்குறைய 40 கி.மீ. சுற்று. மலைக்கு வடக்கே அடிவாரத்தில் இருக்கும் 'புது ராஜகிருகம்' அஜாதசத்ரு பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. உங்கள் அளவில் இரண்டும் ஒரே புள்ளிதான்.

இடம் ஏன் மாறியது என்பதைப் படத்திலேயே காட்டலாம். ராஜ்கிர் பதுங்குவதற்கு நல்ல இடம், ஆனால் கங்கைக்கு வெகு தெற்கே. மகதத்தின் எதிரியான வஜ்ஜிகள் கங்கைக்கு வடக்கே, வைசாலியில். அதனால் அஜாதசத்ருவின் அமைச்சர்கள் சுனிதனும் வஸ்ஸகாரனும் பாடலி கிராமத்தில் கோட்டை கட்டினார்கள் என்று மகாபரிநிப்பான சுத்தம் என்ற பௌத்த நூல் சொல்கிறது. அப்போது அது எல்லைக் காவல், தலைநகர் இல்லை. அரசிருக்கையை அங்கே கொண்டுபோனவன் உதாயின். இடையில் சிசுநாகன் வைசாலிக்குப் போனதும், காலாசோகன் திரும்பிப் பாடலிபுத்திரத்துக்கு வந்ததும் உண்டு. ஆக கி.மு. 500 கட்டத்தில் ராஜகிருகத்துக்குத் திடப்புள்ளி, பாடலிக்குக் கோட்டைக் குறி. கி.மு. 250இல் பாடலிபுத்திரத்துக்குத் திடப்புள்ளி.

அந்த இரண்டாவது புள்ளிக்கு அரசனின் வாய்மொழியே சாட்சி. அசோகனின் ஐந்தாம் பெரும்பாறைக் கட்டளையில் மற்ற இடங்களில் "இங்கே" என்று வரும் இடத்தில் கிர்நார் பாறையில் மட்டும் "பாடலிபுத்திரத்தில்" என்று இருக்கிறது. இவ்வளவு தெளிவான சான்று இந்தியாவில் வேறு எந்தப் பழைய தலைநகருக்கும் எளிதில் கிடைக்காது.

படம் வரைபவர்கள் தவறும் இடம் ஆறு. பழைய நூல்கள் பாடலிபுத்திரத்தைக் கங்கையும் சோணையும் கூடும் இடத்தில் வைக்கின்றன. இன்றைய படத்தில் சோணை, பாட்னாவுக்கு மேற்கே மணேர் பக்கம் கங்கையில் கலக்கிறது. ஆறு மேற்கே நகர்ந்துவிட்டது. இன்றைய ஆற்றுக்கோட்டை அப்படியே அச்சிட்டுவிட்டுப் பக்கத்தில் "கங்கை - சோணை சங்கமத்தில்" என்று எழுதினால் பிள்ளைகள் புள்ளியை மணேருக்கு நகர்த்தச் சொல்வார்கள், அவர்கள் கேட்பது நியாயமும்கூட. சோணையின் பழைய போக்கைப் புள்ளிக்கோடாகப் போடுங்கள்.

நகரின் அளவு எழுத வேண்டுமென்றால் மௌரிய அவைக்கு வந்த கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ் தந்தது இருக்கிறது. நீளம் 80 ஸ்டேடியா (கிரேக்க நீள அளவு), அகலம் 15, மர மதில், 570 காவல் கோபுரம், 64 வாயில். ஸ்டேடியன் 185 மீட்டர் என்று கொண்டால் 14.8 கி.மீ. நீளம், 2.8 கி.மீ. அகலம். கூட்டிப் பாருங்கள், சுற்றளவு 190 ஸ்டேடியா. 570ஐ அதன்மேல் பரப்பினால் ஸ்டேடியனுக்குச் சரியாக மூன்று கோபுரம், அதாவது ஏறக்குறைய 62 மீட்டருக்கு ஒன்று. மிச்சமே இல்லாமல் வகுபடுவதைப் பார்த்தால் யாரும் நடந்து எண்ணிய கணக்காகத் தெரியவில்லை, விகிதம் வைத்துப் போட்டதாகத் தோன்றுகிறது. மர மதில் மட்டும் கதை இல்லை. பாட்னாவின் புலந்தி பாக் அகழாய்வில் இரட்டை வரிசையாக நட்ட மரங்கள் வெளிப்பட்டன. கும்ரஹாரில் 1912-13இல் ஸ்பூனர் தோண்டிய தூண் மண்டபமும் இந்த நகரத்தைச் சேர்ந்ததே.

இன்னொன்று. மகாஜனபதங்களில் சிக்கல் இல்லை என்கிறீர்கள், இருக்கிறது. பாஞ்சாலத்துக்கு வடக்கே அகிச்சத்திரம், தெற்கே காம்பில்யம். அவந்திக்கு உஜ்ஜயினியும் மாகிஷ்மதியும். மல்லருக்குக் குசிநாராவும் பாவாவும். வஜ்ஜியும் மல்லமும் முடியாட்சியே அல்ல, கணசங்கங்கள், அதாவது பலர் கூடி ஆண்ட குடியரசுகள். வைசாலிக்குப் பக்கத்தில் "அரச மரபு" என்று எழுதினால் பிழை. அவற்றுக்கு வேறு வடிவக் குறி வையுங்கள்.

---

செப்பேட்டு வாசகர்

கங்கைக்கரை சொன்ன கால வெட்டுக்கு நானும் கை தூக்குகிறேன். அதற்குப் பிறகும் தீராத சண்டைகளில் பல, செப்பேட்டின் முதல் வரியை அவசரமாகப் படிப்பதால் வருகின்றன.

செப்பேடு பெரும்பாலும் "இன்ன இடத்திலிருந்து" என்று தொடங்கும். அந்த இடத்தைத் தலைநகர் என்று எடுத்துக்கொள்வதுதான் வழக்கமான பிழை. அரசன் அன்றைக்கு எங்கே இருந்தானோ அங்கிருந்து ஆணை போகும். ஊர்ப்பெயருக்கு முன்னால் 'ஜயஸ்கந்தாவாரம்', 'விஜயஸ்கந்தாவாரம்' என்று வருகிறதா பாருங்கள். வந்தால் அது படை இறங்கிய பாசறை.

ஹர்ஷரையே எடுங்கள். பான்ஸ்கேரா செப்பேடு (கி.பி. 628) வர்த்தமானகோடியில் இருந்த பாசறையிலிருந்து எழுந்தது, கப்பல், யானை, குதிரையோடு கூடிய வெற்றிப் பாசறை என்று அதுவே சொல்கிறது. மதுபன் செப்பேடு (631) கபித்திகாவில் இருந்த பாசறையிலிருந்து. இரண்டிலும் தானேசரும் இல்லை, கன்னௌஜும் இல்லை. செப்பேட்டை மட்டும் நம்பினால் யாருக்கும் தெரியாத இரண்டு ஊர்களில் புள்ளி விழும். ஹர்ஷருக்குத் தீர்ப்பு வேறு இடத்திலிருந்து வருகிறது: குலத்தின் ஊர் தானேசர்; தங்கை ராஜ்யஸ்ரீயின் கணவன், கன்னௌஜை ஆண்ட மௌகரி மரபுக் கிரகவர்மன் கொல்லப்பட்ட பிறகு ஆட்சி மையம் கன்னௌஜுக்குப் போனது; சீனப் பயணி யுவான் சுவாங் ஹர்ஷரைக் கன்னௌஜின் அரசனாகவே எழுதுகிறார். 640 கட்டத்தில் கன்னௌஜுக்குத் திடப்புள்ளி, தானேசரிலிருந்து அதற்கு ஓர் அம்புக்குறி.

நம் ஊர்ப் பக்கமே இன்னொரு எடுத்துக்காட்டு, உங்கள் கால எல்லைக்குப் பிந்தியது என்றாலும் மாணவர்களுக்குச் சட்டென்று புரியும். இராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணனின் கர்ஹாட் செப்பேடு கி.பி. 959இல் மேல்பாடியில் இருந்த பாசறையிலிருந்து வெளியானது. வட ஆர்க்காட்டு மேல்பாடிதான். அதை வைத்து இராஷ்டிரகூடர் தலைநகர் மேல்பாடி என்று யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் மான்யகேடம் நமக்கு முன்பே தெரியும். தெரியாத மரபுகளில்தான் இதே தவறு கண்ணில் படாமல் தப்பித்துவிடுகிறது.

இப்போது பல்லவர். பிராகிருதத்தில் உள்ள மயிதவோலு, ஹிரஹடகள்ளி செப்பேடுகள் காஞ்சிபுரத்திலிருந்து எழுந்தவை. மயிதவோலு ஆணை காஞ்சியிலிருந்து, அமராவதி பக்கத்துத் தான்யகடகத்து அதிகாரிக்குப் போகிறது. எது மேலிடம், எது கீழிடம் என்பது அதிலேயே தெரிந்துவிடும். பிறகு வரும் சமஸ்கிருதச் செப்பேடுகளில் தாம்ப்ராபம், பாலக்கடம், தசனபுரம் என்று ஊர்கள் மாறுகின்றன. இதை வைத்துக்கொண்டு, இடையில் பல்லவர் காஞ்சியை இழந்தார்கள் என்று ஒரு கட்சி நெடுங்காலம் வாதாடியது. எனக்கு அந்த வாதம் ஒட்டவில்லை. ஊர் மாறுவது கிளை அரசர்களாலும் இருக்கலாம், பயணத்தாலும் இருக்கலாம். சமுத்திரகுப்தனின் அலகாபாத் தூண் கல்வெட்டு காஞ்சியின் விஷ்ணுகோபனையும் பாலக்கத்தின் உக்ரசேனனையும் தனித்தனியாக எண்ணுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். கி.பி. 400 கட்டத்தில் காஞ்சிக்குத் திடப்புள்ளி. பாலக்கடத்துக்கு, போட்டே ஆக வேண்டுமென்றால், உறுதியில்லை என்று காட்டும் வெற்றுவட்டம்.

மூன்றாவது பொறி, பட்டப்பெயர். '-புரவராதீஸ்வரன்', '-புரவரேஸ்வரன்' என்று முடியும் பட்டங்கள் குலத்தின் பூர்வீக ஊரைச் சொல்பவை, ஆளும் ஊரை அல்ல. இராஷ்டிரகூடர் 'லத்தலூர்' என்று சொல்லிக்கொண்டார்கள், இருந்தது மான்யகேடத்தில். தெலுங்குச் சோடர்கள் கடப்பை, நெல்லூர்ப் பக்கம் ஆண்டபடியே தங்களை உறையூருக்கு அதிபதி என்று எழுதிக்கொண்டார்கள். அந்தப் பட்டத்தைப் பார்த்து உறையூருக்கு அவர்கள் நிறத்தைப் பூசினால் படமே கெட்டது.

சாதவாகனரிலும் பாசறைப் பிரச்சினை உண்டு. கௌதமிபுத்திர சதகர்ணியின் 18ஆம் ஆட்சியாண்டு நாசிக் கல்வெட்டு, வைஜயந்திப் படையின் வெற்றிப் பாசறையிலிருந்து வந்த ஆணை. அமராவதித் தூபியில் புளுமாவியின் பெயர் பொறித்த கல்வெட்டு இருக்கிறது. அது அவன் ஆட்சி அங்கே எட்டியது என்பதற்குத்தான் சான்று, அரண்மனை அங்கே இருந்தது என்பதற்கு இல்லை.

எதிர்மாறாக, சண்டையே இல்லாத ஒரு புள்ளியும் சொல்லிவிடுகிறேன். வாதாபி. பாதாமி மலைப்பாறையில் முதலாம் புலகேசி அந்த மலையைக் கோட்டையாக்கியதைச் சக ஆண்டு 465, அதாவது கி.பி. 543 என்று தேதியோடு வெட்டி வைத்திருக்கிறான். 640 கட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். 642இல் நரசிம்மவர்மப் பல்லவன் அதைப் பிடித்ததை ஒரு சின்ன வாள் குறியோடு காட்டினால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

---

கொங்குக் காசு

முதன்மைப் படத்துக்கு எந்த ஆண்டு என்று கேட்டால் தயங்காமல் கி.பி. 150. காரணம், அக்காலத்துக் கிரேக்கப் புவியியலாளர் தாலமி. அவர் ஊர்களைப் பட்டியலிடும்போது, எது அரசன் இருக்கும் ஊர், எது வணிகப் பட்டினம் என்று சிலவற்றுக்குக் குறித்துவைத்திருக்கிறார். இந்தியாவின் பல மூலைகளுக்கும் ஒரே கையிலிருந்து, ஏறக்குறைய ஒரே காலத்துக்கு இப்படி வேறெங்கும் கிடைக்காது.

அவர் கணக்கில் ஒசேனே (உஜ்ஜயினி) தியாஸ்தனஸின் இருப்பிடம், இது மேற்குச் சத்ரபர் என்ற சக மரபின் சஷ்டனன். பைதானா (பைதான்) சிரோ போலமாயோஸின் இருப்பிடம், இது சாதவாகன புளுமாவி. ஆக உங்கள் சாதவாகனக் கேள்விக்கு கி.பி. 150 படத்தில் விடை பைதான்தான். கோதாவரியின் வடகரையில் வையுங்கள், தென்கரையில் விழுந்துவிடாமல். அமராவதி பக்கத்து தான்யகடகத்தைப் பெருநகர்க் குறியோடு சேர்த்துக்கொள்ளலாம்.

தெற்கே மொதூரா பாண்டியனின் இருப்பிடம், ஒர்தூரா சோர்ணகோஸின் இருப்பிடம், கரூரா கேரோபோத்ரோஸின் இருப்பிடம். மதுரை, உறையூர், கரூர், கேரளபுத்திரன். கபேரிஸ், அதாவது காவிரிப்பூம்பட்டினம், அவருக்கு வணிகப் பட்டினம் மட்டும்.

சோழர் விஷயத்தில் நம் நூல்களும் இதோடு மோதவில்லை. சிறுபாணாற்றுப்படை மூவேந்தர் கோநகர்களாக வஞ்சி (சேரர்), மதுரை (பாண்டியர்), உறந்தை (சோழரின் உறையூர்) மூன்றையும் வரிசையாகப் பாடுகிறது. புகாரை முழுக்க முழுக்க வருணிக்கும் பட்டினப்பாலையே கரிகாலன் உறந்தையைப் பெருக்கியதையும் பாடுகிறது. ஒரே அரசனுக்கு இரண்டு ஊரும் இருந்தன. ஒன்று கோநகர், மற்றது துறைமுகம். ஆனால் ஒரு எச்சரிக்கை: சோழரும் எப்போதும் ஒரே வீடு இல்லை. உறையூருக்குள் நெடுங்கிள்ளி, வெளியே முற்றுகையிட்டு நலங்கிள்ளி, நடுவில் கோவூர் கிழார் (புறம் 45). இருவருமே சோழர். அந்த நாளுக்கு "சோழர் தலைநகர்" என்று எதைக் குறிப்பீர்கள்?

பாண்டியருக்கு மதுரை. கொற்கை முத்துத்துறை. கடல் பின்வாங்கியதால் இன்றைய கொற்கை கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. துறைமுகக் குறியை நிலத்தில் போட நேரும்போது கைதவறு என்று நினைக்க வேண்டாம்.

சேரருக்கு நான் கரூரில் திடப்புள்ளி வைப்பேன். தாலமி ஒருவரை மட்டும் நம்பி அல்ல. கரூர் அமராவதி ஆற்றுமணலில் மாக்கோதை, கொல்லிப்பொறை, கொல்லிரும்பொறை என்று பெயர் பொறித்த சேரர் காசுகள் கிடைத்தன. பக்கத்தில் புகழூர் ஆறுநாட்டார் மலைத் தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டு மூன்று தலைமுறைச் சேரரை அடுக்கிச் சொல்கிறது: கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ. அதே மலையில் கருவூர்ப் பொன்வாணிகன் ஒருவனின் பெயரும் இருக்கிறது. பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழி நூல் சேரர் துறைமுகமான முசிறியைச் சொல்லும்போது அரசர்கள் உள்நாட்டில் இருப்பதாகச் சொல்கிறது.

---

பெரியாற்றுப் படகு

கரூரில் திடப்புள்ளி கொஞ்சம் அவசரம். காசு ஆற்றுமணலில் கிடைத்தது, மண்ணடுக்கில் அல்ல. அது வணிகப் பெருவழி. காசு கைமாறி வந்திருக்கும், ரோமக் காசும் அங்கேதான் கிடைக்கிறது, அதற்காகக் கரூரை ரோமாபுரி என்போமா? தாலமி கரூராவைச் சொல்லும் இடம் சியூடோஸ்டோமோஸ், பாரிஸ் என்ற இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட உள்நாட்டு ஊர்ப்பட்டியல். முதல் ஆற்றைப் பெரியாறு என்று கொள்பவர்கள் நிறையப் பேர். கொடுங்கல்லூர் பக்கத்துத் திருவஞ்சைக்களம் என்ற பெயரில் வஞ்சி ஒலிப்பதையும் ஒதுக்கிவிட முடியாது.

---

கொங்குக் காசு

காசைப் பற்றிச் சொன்னது நியாயம், அதனால்தான் கல்வெட்டைச் சேர்த்துச் சொன்னேன். கல்வெட்டு கைமாறாது. ஆனால் தாலமியின் அந்த ஆற்றிடைப் பட்டியலில் புன்னாட்டாவும் வருகிறது, நீலப் பச்சைக்கல் கிடைக்கும் இடம் என்ற குறிப்போடு. அதைப் புன்னாடு என்று மைசூர்ப் பக்கம் வைப்பவர்கள், கரூராவை மட்டும் கடற்கரைக்கு இழுப்பது எப்படி? அந்தப் பட்டியல் மலைக்குக் கிழக்கேயும் நீள்கிறது என்றுதான் ஆகிறது. தவிர, முசிறியை அவர் கரையோர ஊர்களில் தனியாகவே வைத்திருக்கிறார்.

திருவஞ்சைக்களம், மகோதயபுரம் எல்லாம் 9ஆம் நூற்றாண்டுக்குப் பிந்திய சேரமான் பெருமாள்களோடு உறுதியாக நிற்பவை. அந்தப் புள்ளியைச் சங்கச் சேரருக்குப் பின்னோக்கி இழுப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. நடுவே பல நூற்றாண்டு இடைவெளி இருக்கிறது.

---

பெரியாற்றுப் படகு

சரி, பள்ளிப் படத்துக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்: கரூருக்குத் திடப்புள்ளி, முசிறிக்குத் துறைமுகக் குறி, அடிக்குறிப்பில் "வஞ்சி எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு". கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். விட்டால் நான் மறுபடியும் வருவேன்.

---

நூலக மேசை

கி.பி. 150 முதன்மைப் படம் என்றே முடிவு செய்துவிட்டோம். இரண்டு சந்தேகம் மிச்சம். குஷாணருக்கு என்ன செய்வது? தாலமி அதற்கு உதவுவாரா? மற்றது, வெற்றுவட்டம் எத்தனை வரை போகலாம்? எல்லாமே வெற்றுவட்டமாகிவிட்டால் படத்தைப் பார்ப்பவர்களுக்கு ஒன்றுமே தெரியாது போல் இருக்கும்.

---

அகழிமேடு

இரண்டாவது கேள்விக்கு விடை அளவுகோலில் இருக்கிறது. கன்னியாகுமரி முதல் காபூலுக்கு வடக்கே பெக்ராம் வரை ஓரம் விட்டு 3,200 கி.மீ. என்று வைத்து நாலடியில் அடக்கினால், 1 மி.மீ. ஏறக்குறைய 2.6 கி.மீ. நீங்கள் 6 மி.மீ. புள்ளி வைத்தால் அது 15 கி.மீ.க்கு மேல் மூடிவிடும். அதனால் அறிஞர்கள் அடித்துக்கொள்ளும் பல இடங்கள் உங்கள் ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடுகின்றன. தட்சசீலத்தில் பீர் மேடு, சிர்கப், சிர்சுக் என்று மூன்று நகரங்கள் அடுத்தடுத்து எழுந்தன. ஒரே புள்ளி போதும். கலிங்கத்தில் தௌலி, சிசுபால்கர் இரண்டும் புவனேஸ்வரத்தை ஒட்டியே. சிசுபால்கரை 1948இல் பி.பி. லால் தோண்டினார், பக்கத்துக்கு ஏறக்குறைய 1.2 கி.மீ. உள்ள சதுரக் கோட்டை, பக்கத்துக்கு இரண்டாக எட்டு வாயில். அது காரவேலன் ஹாதிகும்பா கல்வெட்டில் சொல்லும் கலிங்கநகரியா, அசோகன் கட்டளையில் வரும் தோசலியா என்பது வாதம். உங்களுக்கு அந்த வாதம் பெயர்ப்பலகையில் மட்டுமே வரும், புள்ளி நகராது. காரவேலன் முதல் ஆட்சியாண்டில் புயலில் சிதைந்த வாயிலையும் மதிலையும் பழுதுபார்த்தான் என்று அக்கல்வெட்டு சொல்கிறது. ஒரு வரி எழுத இடம் இருந்தால் எழுதுங்கள்.

ஆக வெற்றுவட்டம், இடம் 15 கி.மீ.க்கு மேல் விலகும்போது மட்டும். வாகாடகரின் நந்திவர்தனம் நாக்பூர் மாவட்டத்து நகர்தன் என்பதில் தடையில்லை. பிரவரபுரம்தான் மன்சரா, பௌனாரா என்று இழுபறி, அதற்கு வெற்றுவட்டம். அதே காலத்தில் இன்னொரு கிளை வத்சகுல்மத்தில், இன்றைய வாசிமில், தனியாக ஆண்டது. கி.பி. 400 கட்டத்தில் வாகாடகருக்கு ஒரே நிறத்தில் இரண்டு புள்ளி வேண்டும், அம்புக்குறி கூடாது. அம்பு போட்டால் தலைநகர் மாறியதாக அர்த்தமாகிவிடும்.

மௌரியரின் கி.மு. 250 கட்டத்தில் சின்னச் சதுரங்கள் தேவைப்படும். தட்சசீலம், உஜ்ஜயினி, தோசலி, சுவர்ணகிரி நான்கும் இளவரசர் இருந்த மாகாண இருக்கைகள். இவற்றைப் பாடலிபுத்திரத்தின் அதே குறியோடு போட்டால் ஐந்து தலைநகர் ஆகிவிடும். சுவர்ணகிரியின் பெயர் பிரம்மகிரிக் கட்டளையில் வருகிறது, இடம் உறுதியில்லை, ஆகவே வெற்றுச் சதுரம்.

குஷாணருக்குத் தாலமியை விடுங்கள். கனிஷ்கனுக்குப் பெஷாவர் (புருஷபுரம்) முதன்மை. ஷாஜி-கி-தேரியில் 1908-09இல் அவன் பெயரோடு சேர்ந்த பெருந்தூபியும் பேழையும் வெளிப்பட்டன. மதுராவுக்குப் பக்கத்து மாட் கிராமத்தில் கிடைத்த தலையில்லாத கனிஷ்கன் சிலையும் வீம கத்பிசஸ் சிலையும், அரச குலத்துக்கான வழிபாட்டிடம் அங்கே இருந்ததைக் காட்டுகின்றன. பெக்ராம் (காபிசி) கோடைக்கால இருக்கை என்று கொள்ளப்படுகிறது. ஒரே காலத்தில் மூன்றும் இயங்கின. எனவே பெஷாவருக்குத் திடப்புள்ளி, மற்ற இரண்டுக்கும் அதே நிறத்தில் பாதி நிரப்பிய வட்டம். 1993இல் கிடைத்த ரபாதக் கல்வெட்டில் சாகேதம், கௌசாம்பி, பாடலிபுத்திரம், ஸ்ரீசம்பா என்று ஊர்கள் வருவதைப் பார்த்து அங்கெல்லாம் புள்ளி வைக்கத் தோன்றும். அவை ஆணை எட்டிய எல்லை, இருக்கை அல்ல. நிறப்பூச்சை அதுவரை நீட்டலாம், புள்ளி வேண்டாம்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரே பெயர் கொண்ட ஊர்களைத் தனியாகச் சரிபாருங்கள். கணினியில் பெயரைத் தட்டி இடத்தை எடுப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். அமராவதி மூன்று: ஆந்திரத்தில் கிருஷ்ணைக் கரை ஊர், விதர்ப்பத்து நகரம், கரூரில் ஓடும் ஆறு. உங்கள் படத்தில் முதலாவதும் மூன்றாவதும் இரண்டுமே வருகின்றன. மதுரா, மதுரை இரண்டும் பழைய நூல்களில் ஒரே எழுத்துக்கூட்டில் வரும். சம்பா என்றால் அங்க நாட்டுச் சம்பா, பாகல்பூர் அருகே. வியட்நாம் கரையில் அல்ல. விஜயபுரி ஆந்திரத்து இக்ஷ்வாகு மரபினுடையது, பீஜப்பூர் அல்ல. வைஜயந்தி கடம்பர் காலத்து வனவாசியாகக் கொள்ளப்படுகிறது. மாகிஷ்மதியை மகேஸ்வர் என்பவர்களும் மாந்தாதா என்பவர்களும் உண்டு, இரண்டும் நர்மதைக் கரையே. வெங்கியைத் தேடினால் வராது, ஏலூர் அருகே பெதவேகி என்று தேடுங்கள். கௌசாம்பிக்கு யமுனைக் கரையில் இருக்கும் கோசம் ஊர் வேண்டும், இன்றைய கௌசாம்பி மாவட்டத் தலைமையிடமான மஞ்சன்பூரில் புள்ளி விழக்கூடாது. சிராவஸ்திக்கு சாகேத்-மாகேத் என்று இரட்டைப் பெயர். மாகேத்தான் நகரம், சாகேத் ஜேதவன விகாரை.

---

செப்பேட்டு வாசகர்

அகழிமேட்டின் பட்டியலோடு ஒன்று: குப்தருக்குப் பாடலிபுத்திரமே திடப்புள்ளி. உதயகிரிக் குகைக் கல்வெட்டில் இரண்டாம் சந்திரகுப்தனோடு வந்த அமைச்சன் வீரசேனன் தன்னைப் பாடலிபுத்திரத்தவன் என்கிறான். உஜ்ஜயினிக்குப் பாதி நிரப்பிய வட்டம். அயோத்தியைச் சிலர் சேர்ப்பது பெரும்பாலும் சமுத்திரகுப்தன் பெயரில் உள்ள போலிச் செப்பேட்டை நம்பி.

---

நூலக மேசை

அருமை. நிறையத் திருத்த வேண்டியிருக்கிறது. இக்ஷ்வாகு விஜயபுரியைக் கி.பி. 150 படத்தில் போடலாமா?

---

அகழிமேடு

150இல் வேண்டாம், அவர்கள் எழுந்தது 3ஆம் நூற்றாண்டில், சாதவாகனருக்குப் பிறகு. 400இல் இறங்கிவிட்டார்கள். உங்கள் ஐந்து வெட்டுக்கும் நடுவில் விழும் மரபு அது. தனிப் பெட்டிக்குறிப்பாகச் சேர்க்கலாம், படத்தில் ஒரு நட்சத்திரக் குறி வைத்து.

ஒன்று மட்டும் அச்சகத்துக்குக் குறிப்பாக எழுதி அனுப்புங்கள். விஜயபுரி இருந்த நாகார்ஜுனகொண்டாப் பள்ளத்தாக்கு 1954-60இல் தோண்டப்பட்டு, பிறகு நாகார்ஜுனசாகர் அணையில் மூழ்கியது. சில கட்டடங்களை மேலே தீவுக்குப் பெயர்த்துவைத்தார்கள். சரியான இடத்தில் வைத்தால் குறி நீர்த்தேக்கத்தின் நீலத்துக்குள்தான் விழும். சொல்லாமல் விட்டால் வடிவமைப்பாளர் உங்களுக்கு உதவுவதாக நினைத்துக் கரைக்கு நகர்த்திவிடுவார்.